எதிரே வரும் பஸ் லைட் அடித்தால்

1. குட்செட் சந்தி

பொலிஸ் போக்குவரத்துப் பிரிவில் என் முதல் நாளைக் கண்டி குட்செட் பஸ் நிலையத்துக்கு முன்னால் கழித்தேன். கழித்தேன் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். உண்மையில் அந்தச் சந்தி என்னைப் பிழிந்து காயப்போட்டது. பயிற்சிக் கல்லூரியில் கண்ணாடிக்கு முன் நின்று கை காட்டிப் பழகியிருந்தேன். வெள்ளைக் கையுறை புதிது, விசில் புதிது. இந்தக் கையை நீட்டினால் இவர்கள் நிற்பார்கள், அந்தக் கையை மடக்கினால் அவர்கள் வருவார்கள் என்று எல்லாம் மனப்பாடம்.

குட்செட் பஸ்காரர்களுக்கு அந்தப் பாடத்தை யாரும் நடத்தியிருக்கவில்லை. நான் ஒரு கையை நீட்டினேன், மூன்று பக்கத்திலிருந்தும் பஸ் வந்தது. பதறிப்போய் மற்றக் கையையும் நீட்டினேன், நான்காவது பக்கத்திலிருந்தும் வந்தது. மிதிபலகையில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கண்டக்டர் மிகப் பணிவாகக் கேட்டார்.

"மிஸ், எங்கள வரச் சொல்றீங்களா, போகச் சொல்றீங்களா? நாங்க ரெண்டுக்கும் ரெடி."

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். யூனிபோர்ம் மட்டும் இல்லாவிட்டால் நானும் சிரித்திருப்பேன்.

மத்தியானம் ஆனபோது தொண்டை வறண்டு விசில் ஊதவும் தெம்பில்லை. வந்த கோபத்தில் கையைக் கீழே போட்டுவிட்டு ஒரே ஒரு பஸ் டிரைவரை மட்டும் முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்ன நினைத்தாரோ, பிரேக்கை மிதித்தார். அவர் நின்றதைப் பார்த்துப் பக்கத்துப் பஸ் நின்றது. அதைப் பார்த்து ஒரு லொறி நின்றது. சந்தி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. டிரைவர்கள் பொலிஸை ஒரு கண்ணால்தான் பார்க்கிறார்கள், மற்றக் கண் எப்போதும் இன்னொரு டிரைவர் மேல்தான் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை எங்கே பயன்படுத்துவது என்பதுதான் பல வருஷம் தெரியவில்லை.

2. பலாமரத்துக்குப் பின்னால்

கையில் மூன்று பட்டி ஏறி சார்ஜன்ட் ஆன பிறகு, கலகெதரப் பக்கமாகக் குருநாகலுக்குப் போகும் வீதியில் ஒரு சிறிய ஸ்டேசனுக்கு என்னை மாற்றினார்கள். ஸ்டேசன் பெயர் வேண்டாம். இப்போது அங்கே வேலை செய்கிற பிள்ளைகளை யாராவது கேலி பண்ணுவார்கள்.

எங்கள் எல்லைக்குள் ஒரு வளைவு இருந்தது. ஓரத்தில் பெரிய பலாமரம் நின்றதால் பலாமரத்து வளைவு. குருநாகல் பக்கமிருந்து கண்டிக்குப் போகிறவர்களுக்கு அது இறக்கம். இறங்கி வந்து சட்டென்று திரும்பினால், திரும்பின இடத்திலேயே ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடம், அதன் வாசலில் மஞ்சள் கோடு. பாதசாரிக் கடவை என்று சட்டப் புத்தகம் சொல்வதைத்தான் எங்கள் ஊரில் மஞ்சள் கோடு என்போம். வளைவைத் திரும்பும் வரை கோடும் தெரியாது, கோட்டில் நிற்கிற பிள்ளையும் தெரியாது.

எங்கள் ஓஐசி, அதாவது ஸ்டேசன் பொறுப்பதிகாரி, இன்ஸ்பெக்டர் நசீர், அக்குறணைக்காரர். தங்கமான மனிதர். ஆனால் கண்டியில் மேலதிகாரிகள் கூட்டம் நெருங்கினால் ஆளே மாறிவிடுவார். எந்த ஸ்டேசன் எத்தனை கேஸ் போட்டது என்று அங்கே எல்லாருக்கும் முன்னால் கேட்பார்கள். எங்கள் ஸ்டேசன் எப்போதும் கடைசி வாங்குப் பிள்ளைதான்.

"சார்ஜன், அந்த வளைவுல நின்டா கேஸ் கொட்டும். ஸ்பீட் கன்ன எடுத்துட்டுப் போங்க" என்றார்.

நானும் கொன்ஸ்டபிள் பண்டாரவும் போனோம். வளைவுக்குச் சற்று மேலே, பலாமரத்துக்குப் பின்னால் மறைந்து நின்றோம். அது காய்க்கிற காலம். பண்டாரவின் ஒரு கண் வீதியில் இருந்தது, மற்றது தலைக்கு மேல் தொங்கிய பலாக்காயில். முதலில் வந்த ஒரு வேன் மாட்டியது. அதோடு சரி. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் பெரஹெரா ஊர்வலத்தில் யானை நடக்கிற வேகத்தில் வந்தன. சீட் பெல்ட் போட்டிருந்தார்கள். மோட்டார்சைக்கிளில் பின்னால் இருந்தவர்களும் ஹெல்மட்டின் வாரைப் பூட்டியிருந்தார்கள். ஒரு தனியார் பஸ் எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றே விட்டது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"மிஸ், வெயில்ல நிக்கிறீங்களே, தண்ணி போத்தல் ஒன்னு தரவா?"

அவர் பெயர் குணசேகரன். கண்டி முதல் குருநாகல் வரை எல்லாருக்கும் குணா அண்ணன்.

நாங்கள் மறைந்து நின்றது அத்தனை பேருக்கும் எப்படித் தெரிந்தது என்பதில் இரகசியம் ஒன்றும் இல்லை. எதிரே வருகிற வாகனத்துக்குப் பகல் வெளிச்சத்தில் ஹெட்லைட்டை இரண்டு தடவை அடித்தால், முன்னால் பொலிஸ் நிற்கிறது என்று பொருள். எங்கள் வீதிகளில் அதைத் தெரியாத டிரைவர் இல்லை. ஒருவரை ஒருவர் முந்துவதற்காகக் காலையிலிருந்து ஏசிக்கொள்ளும் பஸ்காரர்கள்கூட இந்த ஒரு விஷயத்தில் அண்ணன் தம்பி. இனம், மதம், பஸ் கம்பெனி எதுவும் குறுக்கே வராது. நாட்டின் மற்ற விஷயங்களிலும் இந்த ஒற்றுமை இருந்தால் எங்களுக்கு வேலையே இருக்காது என்று பண்டார சொல்வான்.

அந்த ஒரே ஒரு கேஸோடு திரும்பினோம். நசீர் சேர் தேநீரில் சீனி போட்டதை மறந்து இன்னொரு கரண்டி போட்டுக் கலக்கினார்.

3. சம்பளமும் தண்டமும்

விட்டுவிடுகிற ஆள் இல்லை நான். அடுத்த தடவை பண்டாரவைப் பொலிஸ் என்று தெரியாதபடி சாரமும் சேட்டுமாக வளைவுக்குக் கீழே ஒரு கடை வாசலில் இருத்திவிட்டேன். யார் லைட் அடிக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டியது அவன் வேலை. முதலில் அகப்பட்டவர் குணா அண்ணன். அகப்பட்டதும் அவர் முகத்தில் வெட்கம் வரவில்லை, வியப்புத்தான் வந்தது.

எந்தப் பிரிவில் கேஸ் எழுதுவது என்று நானும் பண்டாரவும் மண்டையைக் குடைந்துகொண்டு நின்றோம். பஸ்ஸுக்குள் சனம் முணுமுணுத்தது. குணா அண்ணன் ஸ்டியரிங்கில் கையை ஊன்றி நிதானமாகச் சொன்னார்.

"மிஸ், நான் லைட் அடிச்சேன். எதிர்ல வந்தவன் மெதுவா போனான். நீங்க வெயில்ல நிக்கிறதும் அவன் மெதுவா போகத்தானே? அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே வேலதான் பாக்குறோம். என்ன, உங்களுக்குச் சம்பளம், எனக்குத் தண்டம்."

பஸ் முழுக்கச் சிரிப்பு. எனக்குக் காது சூடாகிவிட்டது. லைட் அடித்ததற்குப் பிரிவு கிடைக்காத ஆத்திரத்தில் பஸ்ஸைச் சுற்றி வந்தேன். பின்பக்க பிரேக் லைட் ஒன்று எரியவில்லை. அதற்குச் சீட்டு எழுதினேன். அவரும் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டார். ஆனால் அந்தச் சொல் என் காதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நக்கலாகச் சொன்னதுதான், தப்பிக்கச் சொன்னதுதான். நக்கலுக்குள் நியாயம் இருந்தால் அது இன்னும் கோபமூட்டும்.

4. கீர்த்தனாவின் கை

பல்லேகலையில் பெரிய கிரிக்கெட் மேட்ச் நடந்த ஒரு நாள், சுற்றுவட்டார ஸ்டேசன்களில் இருந்து பொலிஸ்காரர்களை எல்லாம் வாகன நெரிசலைப் பார்க்க அங்கே கூப்பிட்டுவிட்டார்கள். நானும் பண்டாரவும் அங்கே நின்றோம். அன்றைக்குத்தான் பலாமரத்து வளைவில் ஒரு வேன் திரும்பின வேகத்தில் மஞ்சள் கோட்டில் நின்ற ஒரு பிள்ளையைத் தட்டிவிட்டது. கீர்த்தனா, நாலாம் வகுப்பு. கடவுள் புண்ணியத்தில் கை முறிந்ததோடு போயிற்று. வேன் டிரைவரே பிள்ளையைத் தூக்கி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அவன் மேல் வழக்கும் போட்டோம். வழக்குப் போட்டால் எலும்பு ஒட்டுமா?

மறுநாள் காலை ஸ்டேசனுக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருவர் அந்தப் பள்ளிக்கூடத்து சிவகலா டீச்சர், யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து அங்கே படிப்பிக்கிறவர். மற்றவர் கீர்த்தனாவின் அம்மா பாக்கியம். விடியற்காலையில் வீட்டில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைக்கிறவர். டீச்சரைக் கதிரையில் இருக்கச் சொன்னேன். அவர் இருக்கவில்லை.

"நீங்கள் நிக்கிற நாளில ஒருத்தரும் வேகமா ஓடுறேல்லை. நீங்கள் இல்லாத நாளிலதான் ஓடுறாங்கள். அப்ப பிள்ளையள் எந்த நாளில ரோட்டைக் கடக்கிறது, சொல்லுங்கோ பாப்பம்."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பியிருப்பேன்.

பாக்கியம் வேறு ஒன்று சொன்னார். மகளை இனி அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்போவதில்லை. பக்கத்து வீடுகளிலும் அதையேதான் பேசிக்கொள்கிறார்களாம். பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப அவர்களுக்கு வசதி கிடையாது. அனுப்பாமல் விட்டால் பிள்ளைகள் வீட்டில்தான். டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் இருப்பதே கைப்பிடி அளவு பிள்ளைகள். நாலு வீடு நிறுத்தினால் பள்ளிக்கூடமே ஆட்டம் கண்டுவிடும்.

வேகத்தடை போடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். பிரதான வீதியில் அப்படி மேடு போட முடியாது என்றார்கள். தினமும் காலையும் பிற்பகலும் ஒரு பொலிஸை நிறுத்தலாமே என்றால், எங்கள் ஸ்டேசனில் இருந்த ஆட்களை வைத்துக் கேரம் விளையாடவும் ஒரு கை குறையும். இரண்டு பெண்களையும் வெறும் வாக்குறுதியோடு அனுப்பிவைத்தேன்.

5. பொய் லைட்

அந்த வாரம் லீவில் வீட்டுக்குப் போக சாதாரண உடுப்பில் ஒரு பஸ்ஸில் ஏறினேன். பார்த்தால் குணா அண்ணனின் பஸ். என்னை அவர் கவனிக்கவில்லை. வழியில் எங்கேயோ வேறு ஸ்டேசன்காரர்கள் நின்றார்கள். அதைத் தாண்டியதும் அவர் எதிரே வந்த டிப்பருக்கு லைட் அடித்தார். கண்மண் தெரியாமல் வந்த அந்த டிப்பர், வாலைச் சுருட்டிய நாயாக அடங்கிப் போனது. நான் ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்றாலும் செய்ய முடியாததை அவர் விரல் நுனியால் செய்தார். அப்போதுதான் அவர் நக்கலும் டீச்சரின் கேள்வியும் என் மண்டைக்குள் ஒன்றாகச் சேர்ந்தன. பொலிஸ் நிற்காத நாளிலும் அந்த லைட் எரிந்தால் என்ன?

நசீர் சேரிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவர் ஊர்ப் பேச்சில் 'சொல்' என்பது 'செல்' ஆகிவிடும்.

"என்னத்த செல்றீங்க சார்ஜன்? நம்மள ஏமாத்துறதுக்கு நம்மளே வகுப்பு எடுக்கிறதா?"

கேஸ் குறைந்தால் கூட்டத்தில் என்ன சொல்வது என்பதுதான் அவருக்குக் கவலை. நான் கீர்த்தனாவின் கையைப் பற்றிச் சொன்னேன். அவருக்கும் அந்த வயதில் ஒரு மகள். கீழே வைத்த பேனாவை மறுபடி எடுத்தார்.

"சரி. நீங்க ஒண்ணும் செல்லல்ல. நான் ஒண்ணும் கேக்கல்ல" என்றார். பொலிஸ் பாஷையில் அதற்கு அனுமதி என்று பெயர்.

பஸ் டிரைவர்கள் தேநீர் குடிக்கும் கடைக்குப் போனேன். யூனிபோர்மோடு நான் உள்ளே நுழைந்ததும் பாதிப் பேர் பின்வாசலைத் தேடினார்கள். மற்றப் பாதி தங்கள் வாகனத்தின் பிரேக் லைட்டைப் பார்க்கப் போனார்கள். குணா அண்ணன் மட்டும் அசையவில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். பள்ளிக்கூடம் கூடுகிற நேரமும் விடுகிற நேரமும், வளைவைத் தாண்டி வருகிறவர்கள் எதிரே இறங்குகிறவர்களுக்கு லைட் அடிக்க வேண்டும். பொலிஸ் நின்றாலும் நிற்காவிட்டாலும்.

பொறி என்று நினைத்தார்கள். பொறி இல்லை என்று நம்பவைக்க இரண்டு பிளேன்டீ ஆயிற்று. அதற்குப் பிறகும் குணா அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய காரணம் நான் எதிர்பாராதது.

"மிஸ், நாங்க என்னா வேணும்னாலும் செய்வோம், பொய் லைட் மட்டும் அடிக்க மாட்டோம். லைட் அடிச்சா அங்க ஆள் நிக்கணும். இல்லாம அடிச்சா நாளைக்கு ஒருத்தனும் நம்ப மாட்டான்."

மற்ற டிரைவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். முந்திப் போவார்கள், தரிப்பிடம் இல்லாத இடத்தில் நிறுத்துவார்கள், ஆனால் பொய் லைட் என்பது அவர்கள் மத்தியில் மானம் போகிற காரியமாம். முன்பு ஒரு டிரைவர் விளையாட்டுக்குப் பொய் லைட் அடித்து வந்ததில், அவருக்கு எதிரே வருகிற யாரும் லைட் அடிப்பதில்லை என்று முடிவாகிவிட்டதாம். அந்த மனுசன் தண்டம் கட்டியே களைத்துப்போய் வேறு ரூட்டுக்கு மாறிக்கொண்டார். சட்டப் புத்தகத்தில் இல்லாத சட்டம், மேல்முறையீடும் இல்லை.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. அவர்கள் சொன்னது சரி. ஆள் நிற்காத இடத்தில் லைட் கொஞ்ச நாளில் செத்துப்போகும். ஆளுக்கு எங்கே போவது?

பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரிடம் இதைச் சொன்னேன். மகளின் விடுகைச் சான்றிதழை வாங்கிப் போக வந்த பாக்கியம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பொலிஸ்தான் நிக்கணுமா மிஸ், ஆளு நின்னாப் போதுமா?"

ஆள் நின்றால் போதும் என்றேன்.

"அப்ப நான் நிக்கிறேன். காலைல அவிச்சுக் குடுத்துட்டு சும்மாதானே கெடக்குறேன்."

டீச்சர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்குச் சான்றிதழ் எழுதப்படவில்லை.

6. பாக்கியத்தின் வாய்

பெற்றோர் சங்கம் ஒளிரும் மேலங்கி ஒன்றும், நீளக் கம்பில் பூட்டிய 'நில்' பலகை ஒன்றும் வாங்கிக் கொடுத்தது. பாக்கியத்துக்குப் பயிற்சி கொடுத்தது நான். எங்கே நிற்க வேண்டும், எப்போது இறங்க வேண்டும், வாகனம் முழுதாக நிற்கும் முன் பிள்ளையை ஏன் விடக்கூடாது என்று எல்லாம். பிள்ளைகளுக்கும் வகுப்பு எடுத்தேன். கோட்டில் காலை வைத்தால் கார் தானாக நிற்கும் என்று அவர்களில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். கோட்டுக்கு அப்படி மந்திரம் ஒன்றும் கிடையாது, டிரைவரின் முகத்தைப் பாருங்கள், அவர் உங்களைப் பார்த்தாரா என்று பாருங்கள் என்று சொல்லிக்கொடுத்தேன்.

என் பங்குக்கு நானும் நின்றேன், ஆனால் எந்த நாளில் நிற்பேன் என்று எனக்கே தெரியாது. பலாமரத்துக்குப் பின்னால் ஒளிவதை விட்டுவிட்டேன். வெளியே, எல்லாரும் பார்க்கும்படி நின்றேன். லைட் அடித்தும் கேட்காமல் வேகமாக இறங்கியவனுக்கும், பிள்ளைகள் கடக்கும்போது நிற்காமல் போனவனுக்கும் ஈவிரக்கம் இல்லாமல் கேஸ் எழுதினேன். சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சொல், கேட்காதவர்களுக்குச் சட்டம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்றது நொண்டும்.

ஆனால் டிரைவர்கள் என்னைவிடப் பாக்கியத்துக்குத்தான் பயந்தார்கள். பலகையைப் பார்த்தும் ஒருவன் பிரேக்கைப் பிடிக்கத் தாமதித்தால், அவர் ஜன்னலுக்குக் கிட்டப் போய்விடுவார். ஏசமாட்டார், விசாரிப்பார். "ஏன் ராசா, கொழும்புல தீப்பிடிச்சிருச்சா? நீ போய்த்தான் அணைக்கணுமா?" பயணிகள் சிரித்து முடிக்கும் வரை டிரைவர் அங்கேயே நிற்க வேண்டும். தண்டத்தைத் தபால் கந்தோரில் கட்டிவிட்டுப் போகலாம், இதை எங்கே போய்க் கட்டுவது? குணா அண்ணனே ஒருமுறை அகப்பட்டு, அடுத்த நாள் வளைவுக்கு நன்றாக முன்னாலேயே கியரை மாற்றிவிட்டார்.

லைட்டும் வேலை செய்தது. பஸ்காரர்கள் தொடங்கினார்கள், லொறிகள் பிடித்துக்கொண்டன, பிறகு த்ரீவீல்காரர்களும் சேர்ந்தார்கள். முன்னால் ஆள் நிற்கிறது என்ற செய்தி பொய்யே இல்லை. கீர்த்தனா மாக்கட்டுப் போட்ட கையோடு திரும்பி வந்தாள். வகுப்பே அந்தக் கட்டில் பெயர் எழுதியிருந்தது.

கெட்ட செய்தி ஒன்றுதான். அந்த வளைவில் கேஸ் வற்றிவிட்டது.

7. கூட்டத்துக்குப் போன காலை

கண்டிக் கூட்டம் வந்தது. நசீர் சேர் என்னையும் வரச்சொன்னார். விளக்கம் கேட்டால் விளக்க ஒரு ஆள் வேண்டுமாம். அதாவது, திட்டு விழுந்தால் பங்குபோட ஆள். புறப்படப் பிந்திவிட்டது. பண்டார ஜீப்பை ஓட்டினான், நசீர் சேர் முன்னால், நான் பின்னால். வழி நெடுக அவர் கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மற்ற ஸ்டேசன்காரர்கள் எல்லாம் கை நிறையக் கேஸோடு வருவார்கள், தான் என்னத்தைக் காட்டுவது, இந்த வளைவு விளையாட்டை இன்றோடு நிறுத்துங்கள், நாளையிலிருந்து பழையபடி மறைந்து நின்று பிடியுங்கள் என்றார். லைட் அடிக்கிறவர்களை நானே திரும்பப் பிடித்தால், அதற்குப் பிறகு யார் அடிப்பார்கள்?

"பண்டார, கொஞ்சம் மிதிங்க" என்றார் நசீர் சேர். பண்டார மிதித்தான். பலாமரத்து இறக்கம் வந்தது. பேச்சின் சூட்டில் மணி என்ன என்பதை நான்கூட நினைக்கவில்லை.

எதிரே ஒரு பஸ் ஏறி வந்தது. இரண்டு தடவை லைட் அடித்தது.

பொலிஸ் ஜீப்புக்கு, பொலிஸ் நிற்கிறது என்று யார் லைட் அடிப்பார்கள்? நசீர் சேர் திகைத்துப்போய், "நமக்கா அடிக்கிறான்?" என்றார். பண்டாரவுக்கு யோசிக்க நேரமில்லை. டிரைவர் என்று பிறந்தவனின் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும், போயிற்று. ஜீப் அடங்கி, உருண்டு, வளைவைத் திரும்பியது.

மஞ்சள் கோடு நிறையப் பிள்ளைகள். நடுவீதியில் பலகையோடு பாக்கியம். ஜீப் கோட்டுக்கு நன்றாக முன்னால் நின்றது. லைட் அடித்திராவிட்டால் அது எங்கே நின்றிருக்கும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். வரிசையின் கடைசியில் கீர்த்தனா போனாள். கட்டு அவிழ்த்த கையை உயர்த்தி, நான் சொல்லிக்கொடுத்தபடி பண்டாரவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடந்தாள்.

பாக்கியம் ஜன்னலுக்கு வந்தார். உள்ளே யார் என்று பார்த்தும் அவர் குரல் மாறவில்லை.

"ஏங்க ஐயா, யூனிபோர்ம் போட்டா பிரேக் புடிக்கிறது மறந்து போயிருமா? மேல வர்ற சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு."

நசீர் சேர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "மன்னிச்சுக்கங்க தங்கச்சி" என்றார். அதற்கு மேல் கண்டி போய்ச் சேரும் வரை அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

கூட்டத்துக்குள் என்னைக் கூப்பிடவில்லை. வெளியே வாங்கில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் வெளியே வந்தபோது முகத்தில் களைப்பும் ஒரு சிரிப்பும் இருந்தன.

"கேஸ் ஏன் கொறஞ்சின்னு கேட்டாங்க. காலையில என்னையே ஒரு பொம்பள நிப்பாட்டிட்டா, அதனாலதான்னு செல்லிட்டேன். முதல்ல சிரிச்சாங்க. பொறவு முழுக்கச் செல்லச் சொன்னாங்க."

இப்போது நான் ஓய்வுபெற்றுவிட்டேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சந்தித்தால், எத்தனை கேஸ் போட்டீர்கள் மிஸ் என்று கேட்பார்கள். கேஸ் போடத் தயங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் உங்கள் வேலை கேஸ் இல்லை, கோட்டைக் கடக்கிற பிள்ளை. அந்த வேலையை உங்களுக்குப் பதிலாக வேறு யாராவது செய்துகொண்டிருந்தால் அவரைப் பிடிக்காதீர்கள், கூடச் சேர்ந்துகொள்ளுங்கள். இதை எனக்குக் கற்றுத்தர ஒரு பஸ்காரனின் நக்கலும் ஒரு டீச்சரின் கேள்வியும் ஒரு தாயின் வாயும் தேவைப்பட்டன.

கூட்டம் நடந்த அன்று பிற்பகல் நாங்கள் திரும்பி வரும்போது பள்ளிக்கூடம் விடும் நேரம். ஜீப் பாக்கியத்தைத் தாண்டி மெதுவாக, மிக மெதுவாகப் போனது. அவர் பரவாயில்லை என்பதுபோல் தலையாட்டினார். வளைவைத் திரும்பி மேலே ஏறினோம். எதிரே மரப்பலகை ஏற்றிய லொறி ஒன்று இறங்கி வந்தது. நசீர் சேர் பண்டாரவின் தோளைத் தட்டினார்.

"லைட்ட அடிங்க."

பண்டார கண்ணாடியில் என்னைப் பார்த்தான். பொலிஸ் ஜீப்பில் இருந்து லைட் அடிப்பதா?

"அடிங்க. அவனுக்கு யாரு செல்றது?"

பண்டார இரண்டு தடவை அடித்தான். ஒரு பொலிஸ் ஜீப் தன்னைப் பார்த்து லைட் அடித்ததில் அந்த லொறிக்காரன் என்ன நினைத்தானோ, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அவசரமாகப் பெல்ட்டைத் தேடிக்கொண்டு, நடக்கிற வேகத்தில் எங்களைக் கடந்து போனான். நசீர் சேர் ஜீப்பை ஓரமாக நிறுத்தச் சொன்னார். மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். லொறி வளைவில் மறைந்தது, அதன் பிரேக் முனகி நின்றது. பிறகு பாக்கியத்தின் குரல் கேட்டது.

"சரி புள்ளைகளா, வாங்க, போவோம்."